நதிமூலம்

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்போம்.
பிரவுசர் கேட்காமல் விடாது.

டோர்னியோவில் இரவு பதினொன்று.
பாலத்துக்கு அப்பால் ஹபராண்டாவில் பத்து.
நடுவே உறைந்து கிடக்கும் ஆறு
எந்த மணியிலும் சேராமல்.

ஸ்டெல்லன் போன் செய்கிறான் அக்கரையிலிருந்து:
"உன் சர்வர் எங்களோடு பேசமாட்டேன் என்கிறது, ஐனிக்கி.
பக்கம் வெள்ளையாக நிற்கிறது. வெளியே இருக்கும் பனி போதாதா?"

அவள் லாகைத் திறந்தாள்.
இருநூறு. இருநூறு. இருநூறு.
கேட்டதற்கெல்லாம் பதில் போயிருக்கிறது:
மூன்றாம் துளை, முப்பத்தெட்டு சென்டிமீட்டர்,
ஏழாம் துளை, இருபத்திரண்டு, மேலே ஈரப்பனி.
ஆற்றைக் கடந்து அவன் மடிக்கணினிவரை போன எண்கள்
பிரவுசரின் கைக்குள் மாட்டிக்கொண்டன.
கடிதம் வந்தாயிற்று.
பிரித்துக் காட்ட அதற்கு மனமில்லை.
உறையின் மேல் ஒரு வரி வேண்டும்,
'இந்த ஊர்க்காரருக்குத் தரலாம்' என்று.
அதை இவள் எழுதவே இல்லை.

எது ஊர்?
நெறிமுறை, பெயர், போர்ட் எண்,
மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போனால் ஓர் ஊர்.
ஓர் எஸ் குறைந்தால் அசலூர்.
இவள் மேசையில், இதே இயந்திரத்துக்குள்,
மூவாயிரத்தில் குடியிருப்பதற்கு
எட்டாயிரத்தில் இருப்பது முகம் தெரியாத ஆள்.

"நட்சத்திரம் போட்டுவிடேன். யார் வேண்டுமானாலும் வரட்டும்,
பனிக்கட்டியின் கனம் என்ன ராணுவ ரகசியமா?"
போட்டுப் பார்த்தாள்.
குக்கீ கொண்டுவந்தவனுக்கு
'யாரானாலும் சரி' என்பது பதிலாகாதாம்.
பெயரைச் சொல் என்கிறது.

வந்தவன் எந்தப் பெயர் சொன்னாலும்
அதையே திருப்பிச் சொல்லும் ஒற்றை வரி
விரல் நுனிவரை வந்தது.
அடித்தாள், அழித்தாள்.
கிளிக்கும் தெரிந்த வேலை அது.

பிறகு பட்டியல்.
முதலில் டோர்னியோ நகராட்சி, அடுத்து ஹபராண்டா.
சேமித்து, நிறுத்தி, மீண்டும் எழுப்பி,
"இப்போது?"
"சிவப்பு."
"இப்போது?"
"அதே சிவப்பு."
காபி ஆறி ஏடு கட்டியது.
இருபது நிமிடம் கழித்துக் கண்ணில் பட்டது
ஹபராண்டா முகவரியின் வாலில் ஒரு சாய்கோடு.
பிரவுசர் வாலில்லாமல் கேட்கிறது.
இவள் வாலோடு வரச் சொல்லியிருக்கிறாள்.

வெட்டினாள்.
அக்கரையில் ஒரு சிரிப்பு, ஸ்வீடிஷில் ஒரு கெட்ட வார்த்தை,
ஏழு துளைகளும் வரிசையாக அவன் திரையில்.

காலை ஆறுக்கு உர்ஹோ.
பனி தள்ளும் வண்டிக்காரர், இக்கரை ஆள்,
என்ஜினை ஓடவிட்டுக் கரையில் நிற்கிறார்.
"என் போனில் ஒன்றுமே இல்லையே, பெண்ணே.
நேற்றுவரை வந்ததே."

தலைவாராமல் உட்கார்ந்தாள்.
நடுவழியில் ஒரு கேஷ். கெட்டிக்காரக் கேஷ்.
நள்ளிரவில் ஹபராண்டா பெயர் போட்டுப் போன உறையைப்
பத்திரமாக எடுத்துவைத்து
விடியலில் டோர்னியோக்காரர்களுக்கு நீட்டியிருக்கிறது.
உள்ளே அதே எண்கள்தான்.
மேலே இருந்த பெயர் மட்டும்
அவர்களுடையது இல்லை.

ஊரைக் கதவிலேயே கேட்டாயிற்று.
கேட்டுத்தான் பதில் சொன்னோம் என்பதை
இடையில் இருப்பவனிடம் சொல்ல மறந்திருந்தாள்.
இன்னொரு வரி:
கேட்பவரின் ஊரைப் பொறுத்து இது மாறும்.
பழைய உறைகளைக் கொட்டிக் கவிழ்த்தாள்.

"வந்துவிட்டது" என்றார் உர்ஹோ.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. என்ஜின் மட்டும்.
"ஏழாவது இருபத்தொன்று என்கிறதே. நேற்று இருபத்திரண்டு."
"ஆமாம்."
"வண்டி நாலு டன்."
"தெரியும்."

பின்னால் எடுத்துத் திருப்பி
பாலத்தின் வழியே போனார்.
அங்கே யாரும் அவரை எந்த ஊர் என்று கேட்கவில்லை.
அக்கரையில் மணி ஐந்தேகால்.