கடன் வாங்கிக் கழித்தல்

தாதரில் மூன்று நாள் பயிற்சி.
குளிரூட்டிய அரங்கு, ஆளுக்கொரு பேனா,
இரண்டாம் நாள் பிற்பகல் சமோசா.
திரையில் முதலில் நாய், மணி, எச்சில்.
பிறகு, வயதுவாரியாகப் படியேறும் குழந்தை.
பிறகு ஒரு கட்டடம், அதைச் சுற்றிச் சாரம்.
"தெரிந்தவர் கட்டிய சாரத்தில் நின்று
தெரியாதவர் எட்டிப் பிடிக்கிறார்.
எட்டியதும் பிரித்துவிட வேண்டும்"
என்றார் பயிற்றுநர், மராத்தியில்.
சாரம், என்று தமிழில் எழுதி
கீழே இரண்டு கோடு இழுத்தேன்
பரீட்சைக்குப் படிப்பவள்போல.

வடாலாவில் எங்கள் மாநகராட்சிப் பள்ளி.
கீழே உருது, நடுவில் மராத்தி,
மூன்றாம் மாடியில் கூரை ஒழுகும் இடம் தமிழுக்கு.
ஒழுகலை அடைக்க அந்த டிசம்பரில்
கட்டடத்துக்கே சாரம் கட்டினார்கள்.
பச்சை வலைக்குள் வகுப்பு.
கரும்பலகை பச்சை, சோற்று டப்பா பச்சை,
திருத்திய நோட்டில் என் சிவப்பு மை மட்டும்
கறுப்பாகத் தெரிந்தது.
ஜன்னலில் அவ்வப்போது இரண்டு கால்கள் வரும்,
மூங்கிலைப் பெருவிரலால் கவ்வி நகரும்.
இசக்கிப்பிரியாவின் அப்பா சுடலைமுத்து என்று
வகுப்புக்கே தெரியும்.
அவள் மட்டும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போகணும்.
இரண்டில் ஏழு போகாது.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு.
பதினேழு வருஷமாக இதே பல்லவி.
சரியாகச் சொன்னால் நட்சத்திர ஒட்டி.
விரல்விட்டு எண்ணினால் ஸ்கேல்,
லேசாகத்தான்.
(தாதரில் இதை நான் சொல்லவில்லை.)

இசக்கி எழுந்தாள்.
"வாங்குன கடன எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"

சிரிப்பு.
ஜன்னலில் கால்கள் நின்றன.

"கணக்கில் திருப்பித் தர வேண்டாம்மா."

"குடுக்காட்டி வாசல்ல வந்து நிப்பாங்கல்லா?"

யாரும் சிரிக்கவில்லை.
கால்கள் ஒரு மூங்கில் கீழே இறங்கின.
மூன்று நாள் குறிப்பில் எந்தப் பக்கத்திலும்
இதற்குப் பதில் இல்லை.

மரியசூசை, விடிகாலை மாமாவோடு
சைக்கிளில் இட்லி விற்றுவிட்டு
இரண்டாம் பீரியடில் தூங்குகிறவன்,
பெஞ்சிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்:
"அது கடன் இல்லட்டி, சில்லற.
அஞ்சு பத்துரூவா நோட்டு வச்சிருக்கே,
ஒண்ண மாத்துதே.
துட்டு ஓம் பையிலதான கெடக்கு."

பத்து விரலையும் விரித்தாள் அவள்,
என் கையில் ஸ்கேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே.
ஏழை மடக்கினாள். மூன்று நின்றது.
மேசையில் கிடந்த இரண்டு சாக்பீஸ் துண்டை
பக்கத்தில் இழுத்துவைத்தாள்.
அஞ்சு, என்றாள்.
எனக்கில்லை, மரியசூசைக்கு.
அவன் மறுபடி தூங்கியிருந்தான்.

பிப்ரவரியில் சாரத்தைப் பிரித்தார்கள்.
மேலிருந்துதான் பிரித்தார்கள்.
தரையில் ஊன்றிய மூங்கிலின் முடிச்சு
கடைசி நாள் வரை இருந்தது.
சுடலைமுத்து அதை அறுக்கவில்லை,
பல்லால் நெகிழ்த்தி அவிழ்த்து
கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்,
அடுத்த கட்டடத்துக்கு ஆகும் என்று.
நான் ஒன்றாம் வகுப்பிலேயே
விரல்களை அறுத்துவிட்டு
ஏன் சரிகிறார்கள் என்று
மேல்மாடியில் நின்று கேட்டிருக்கிறேன்.

பயிற்சியின் படிவம் வந்தது.
'வகுப்பில் கையாண்ட கோட்பாடு' என்ற கட்டத்தில்
சில்லறை என்று எழுதினேன்.
திரும்பி வந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

வலை போனபின் வெளிச்சம் கூசுகிறது.
ஜன்னலில் இப்போது பன்வேல் வண்டி தெரிகிறது.
வாசலில் தொங்கிப் போகிறவர்களில்
என் பழைய பிள்ளைகள் யாராவது இருப்பார்கள்,
அவர்கள் பையிலேயே கிடந்ததை
கடன் என்று என்னிடம் படித்தவர்கள்.