கண்ணாடித் தண்ணீர்

காற்று அடிக்கும் நாளில் பயமில்லை.
அலையாத்திக் காட்டுக்கு நடுவே
முத்துப்பேட்டை லகூன்
ஒரு சுருக்கமும் இல்லாமல் படுத்துக் கிடக்கிறதே,
அந்தக் காலைகளில்தான்.

மேலேயிருந்து இறங்கும் சிங்கராயருக்கு
அப்போது தண்ணீர் தெரியாது.
இரண்டு வானம், நடுவில் ஒரு விமானம்.
நூறடி இருக்கிறதென்று நினைப்பார்,
மூக்கு முட்டும்.

அதற்காகத்தான் சேதுராசுவின் படகு.
எட்டுப் போட்டு வளைந்து வளைந்து
தண்ணீரைக் கீறுவோம்.
"கீறியாச்சு" என்பேன் வாக்கிடாக்கியில்.
கீறலைப் பிடித்துக்கொண்டு
எண்பது வயது அலுமினிய வயிறு
சேற்றுத் தண்ணீரில் உரசி உட்காரும்.

பிறகு என் வேலை.
அடிவயிற்றில் ஏழு திருகு மூடிகள்.
கழற்றினால் உப்புத்தண்ணீர் ஊற்றும்.
ஏழும் சட்டைப்பையில் கிடக்கும்.
திரும்ப மாட்டினேனா என்று
நடுராத்திரி டார்ச்சோடு வந்து
குப்புறப் படுத்து எண்ணிய நாளும் உண்டு.

துப்பாக்கிக்காரன் உட்காரும் கண்ணாடிக் குமிழுக்குக் கீழே
உள்ளங்கை அகலத்தில் ஒரு ஒட்டு.
பழுது பார்க்கையில் பிரித்தேன்.
தகடு வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது.
எதிரி சுட்டதில்லை.
உள்ளே எவனோ கைதவறியிருக்கிறான்.
புது ஒட்டுப் போட்டு ரிவெட் அடித்தேன்,
அவன் மானத்துக்கும் சேர்த்து.

ஜாம்புவானோடையில் கரையேற்றியதும்
வைரக்கண்ணுவின் டேங்கர் வரும்.
மேட்டூர் திறந்து இருபது நாள்.
கடைமடைக்குச் செய்தி மட்டும் வந்திருந்தது.
"ஏம்மா சபூரா, நல்லதண்ணி
இதுக்கா?"
"கழுவலேன்னா உப்பு தின்னுடும்ண்ணே."
"நிலத்தையும்தான் திங்குது."
சொல்லிவிட்டு ஹோஸை அவரே பிடித்தார்.
இறக்கை, மிதவை, இஞ்சின் மூடி, வால்.
ஒரு மூலையும் விடவில்லை.
கீழே தேங்கியதை விரலால் தொட்டு
நாக்கில் வைத்துத் துப்பினார்.
"எங்க கிணத்துக்கு இது பரவால்ல."

மறுநாள் ஸ்டார்ட் செய்யுமுன்
விசிறியைக் கையால் சுற்றினோம், அவரும் நானும்.
ராத்திரி முழுக்க எண்ணெய்
கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கி நிற்கும்.
பார்க்காமல் முடுக்கினால் ராடு வளைந்துவிடும்.
ஒன்று, இரண்டு என்று
ஒன்பது இலை கடக்க வேண்டும்.
ஏழாவதில் நின்றது.
பிளக்கைக் கழற்றினேன்.
கறுப்பாக ஒழுகியது,
அரை டம்ளர் இருக்கும்.
"தப்பிச்சது" என்றார், மாட்டைச் சொல்வது மாதிரி.

அப்புறம் தயங்கித் தயங்கி,
"மேல போறீங்கள்ல,
தண்ணி எது வரைக்கும் வந்திருக்குன்னு..."
புழுதி உழுது போட்ட இரண்டு மா நிலம் அவருக்கு.

குமிழில் நான் உட்கார்ந்தேன்.
நீர்மூழ்கியைத் தேடியவன்
உட்கார்ந்த அதே இடம்.
கோரையாற்றைப் பிடித்துக்கொண்டே வடக்கே போனோம்.
மணல். மணலில் லாரித்தடம்.
கருவேலம். ஒரு செத்த பரிசல்.
இங்கொன்றும் அங்கொன்றுமாக போர்செட்டின் பச்சை.
கைக்கடிகாரத்தில் பதினோரு நிமிஷம்.
மூணாறு தலைப்பு தெரியும் தூரத்தில்
ஒரு மூங்கில் கொல்லை வளைவில்
வந்துகொண்டிருந்தது:
நுரையும் செருப்பும் தெர்மாகோலும் தள்ளிக்கொண்டு
பழுப்பாய் ஒரு நாக்கு.
அவசரமே இல்லாமல்
ஒவ்வொரு மணல்குழியாக நிரப்பிவிட்டு நகர்ந்தது.
சிங்கராயர் அதன்மேல் இரண்டு முறை வட்டம் போட்டார்.
பெட்ரோல் கணக்கை இருவரும் பேசவில்லை.

திரும்புகையில் லகூன் பாதரசம்.
சேதுராசு கீறியிருந்தார்,
கீறலின் ஓரத்தில் படகு,
படகில் வைரக்கண்ணு,
கண்ணுக்குமேல் கை வைத்தபடி.

இறங்கி ஊர்ந்து பக்கத்தில் போனதும்
குமிழைத் திறந்து பத்து விரல் காட்டினேன்.
மடக்கி, இன்னொன்று.
நிமிஷம் என்று கத்தினேன்.
இஞ்சின் சத்தத்தில் அவர்
நாள் என்று எடுத்துக்கொண்டு
தலையாட்டினார்.

சரியாகத்தான் இருக்கும்.