புழு வளர்க்கும் வீடு

இளம்புழு வந்த அன்றே
மாதையன் பீடிக்கட்டை வாசல் கூரையில் செருகிவிட்டான்.
கொசுவர்த்தி கிடையாது. ஊதுபத்தி கிடையாது.
விறகடுப்பு புங்கமரத்தடிக்குப் போனது.
நாலு ஜன்னலையும் திறந்து பச்சை வலை அடித்தான்.
புகை பட்டால் புழு தழை தின்னாதாம்.
சாமிக்குக்கூடக் கற்பூரம் வெளியேதான்.

இருபத்தோரு நாள்.
ராத்திரியெல்லாம் தழை மெல்லும் சத்தம்,
என் நெஞ்சின் விசில் சத்தம் காணோம்.
சுண்ணாம்புத்தூள் தூவும் காலைகளில் மட்டும்
முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வேன்.
நீல பம்ப் அரிசிப்பானைக்குப் பின்னால்
எங்கோ உருண்டு கிடந்தது.

ஆறு வருஷமாகப் பாலக்கோடு டாக்டரம்மா சொன்னதும் இதைத்தான்:
உள்ளே புகை ஆகாது, காற்று வரணும்.
எனக்காகச் சொன்னது என்பதால்
வீட்டில் ஒருத்தருக்கும் நினைவில் நிற்கவில்லை.

தருமபுரி மார்க்கெட்டில் கூடு நல்ல விலைக்குப் போனது.
வந்ததும் கட்டிலில் சாய்ந்து
தீப்பெட்டியைத் தட்டினான்.

"பொறு. உள்ளே இன்னும் ஒரு புழு இருக்கு."

தட்டுத் தட்டாகத் தேடினான்,
குனிந்து, டார்ச் அடித்து.
அப்புறம் என்னைப் பார்த்தான்,
கொஞ்ச நேரம்.
பீடியோடு வெளியே போனான்.

வலை இன்னும் ஜன்னலில் இருக்கிறது.
அடுப்பைப் பற்றி
நாளைக்குப் பேசணும்.