நாற்பத்தெட்டு பார்

மதுரையிலிருந்து சீனிக்காளை போன் போட்டான்.
இந்த மாசம் உருளை இல்லை.
அடுத்த மாசமும் வாக்குக் கொடுக்க முடியாது.
வந்தாலும் போன தடவையைப் போல ரெண்டு மடங்கு.
எங்கோ ஆலையை மூடிவிட்டார்களாம்,
கப்பல் கிளம்பவில்லையாம்.
பின்னால் லாரி ஹாரன். வைத்துவிட்டான்.

கீழக்கரை ஜெட்டிக்குப் பக்கம்
கம்ப்ரெசர் கொட்டகையில்
பழுப்பு உருளை ஒன்றுதான் மிச்சம்.
முள் நின்ற இடம் நாற்பத்தெட்டு பார்.
இந்தக் கரையில் பார் என்றால் கடலடிப் பாறை,
மீன் ஒதுங்கும் வீடு.
பார் என்றால் அழுத்தமும்.
பார் என்றால் பார்.
நானும் நூகுவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்பா தீவுக்குத் தெற்கே
தரை சட்டென்று சரியும் இடத்தில்
ஐம்பத்தெட்டு மீட்டரில்
சாய்ந்து கிடக்கிறது அருளப்பனின் விசைப்படகு.
ஆள் சேதமில்லை.
காப்பீட்டு ஆபீசுக்கு எஞ்சின் நம்பர் வேணும்,
படத்தோடு, முப்பதாம் தேதிக்குள்.
நீந்திக் கரையேறியவனை அவர்கள் அத்தாட்சியாக எடுப்பதில்லை.

பதினெட்டு பங்கு ஆக்சிஜன்,
நாற்பத்தைந்து ஹீலியம்,
மிச்சம் அந்தக் கிறக்கக்காரன், நைட்ரஜன்.
ஒரு ஜோடி டாங்கிக்கே தொண்ணூறு பார் வேணும்.
இருப்பதைத் திறந்துவிட்டால்
முதல் ஜோடிக்கு முப்பத்திரண்டு ஏறும்,
அடுத்ததற்கு இருபத்தொன்று.
யாருடையதை முதலில் மாட்டுவது?
'உன்னோடத' என்றேன்.
'உன்னோடத' என்றான்.
இருவரும் நல்லவர்களாக இருந்ததில்
அரைமணி நேரம் போனது.

போன வருசம் காசு மிச்சம் என்று
வெறுங்காற்றோடு ஐம்பதுக்கு இறங்கினோம்.
அங்கே காற்று கஞ்சிபோலக் கெட்டி,
இழுக்க இழுக்க நெஞ்சு கூலிக்காரன்.
மேலே வந்து பலகையைத் திருப்பினால்
என் கையெழுத்துதான்:
நங்கூரம் சிரிக்குது. சங்கிலிக்குப் பசி.
நூகு எழுதியிருந்தது ஒரே சொல்,
பதினோரு தடவை:
சரி.

ஹீலியம் யாரோடும் ஒட்டாது.
எரியாது, சேராது, மயக்காது.
கை நழுவினால்
மேகத்தைத் தாண்டி, பூமியையும் தாண்டிவிடும்.
கைமாத்துக் கொடுத்த காசாவது
என்றைக்காவது திரும்பும்.

பரமக்குடி மண்டபத்தில் போன வாரம்
ஒரு வயசுப் பிள்ளைக்கு நானூறு பலூன்.
திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
பிள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு
அண்ணாந்தது.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்
என் முதுகெலும்பைப் படம்பிடித்த அந்தக் குகையும்
இதைக் குடித்துத்தான் குளிர்ந்திருக்கிறது.
யாரிடம் போய் என் பங்கு என்று கேட்பது?

கடைசியில் நூகு
இரண்டு ஜோடியையும் ஒரே குழாயில் மாட்டினான்.
ஆளுக்கு இருபத்து மூணேமுக்கால்.
கூட்டிப் பார்த்தேன்.
நியாயத்துக்கு ஐந்து பார் செலவு.
மேலே காற்றை நிரப்பினோம்.
நூற்றுக்குப் பன்னிரண்டு.
இதற்கு ஐம்பத்தெட்டு எட்டாது,
நாற்பத்திரண்டு எட்டும்.
டேப்பில் ஆழத்தை எழுதி
ஆளாளுக்குக் கழுத்தில் ஒட்டினோம்,
கீழே போனபின் மறுபேச்சு இருக்கக்கூடாது.

கச்சான் இன்னும் எழவில்லை. நீவாடு மந்தம்.
நாற்பத்திரண்டில் நின்று குனிந்தேன்.
நீலத்துக்கும் கீழே ஒரு நிழல்,
ஒருக்களித்துப் படுத்தது மாதிரி.
கொடிக்கம்பு தெரிந்தது, அல்லது
தெரியவேண்டும் என்று நினைத்தேன்.
பதினாறு மீட்டர்.
எங்கள் தெருவின் அகலம்கூட இல்லை.
நூகு என் முழங்கையைத் தொட்டான்.
எழுதினேன்.

விட்ட மூச்சு குமிழாகி எங்களை முந்திப் போனது.
அதில் பன்னிரண்டு பங்கு
படகிலும் நிற்காது.

அருளப்பன் பலகையை வாங்கி
வெயிலுக்குத் திருப்பிப் படித்தான்:
தெரியுது. போகலை.
எழுத்து நேராக இருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
போனை எடுத்துப் பலகையைப் படம் எடுத்தான்,
வெளிச்சம் சரியில்லை என்று
இன்னொன்றும்.

அதைக் காட்டத்தான் ஆபீசுக்குப் போயிருக்கிறான்.
மணி மூன்று.
கொட்டகையில் பழுப்பு உருளையின் முள்
இருபத்து மூன்றைத் தாண்டி
நிற்கிறது.