இரண்டாம் பாகம்

முதல் பாகக் கடைசியில்
லொறியோடு கடலுக்குள் போனவன்
இதில் இழுத்த தலை கலையாமல் வருகிறான்.
"நீச்சல் தெரியும்போல" என்றாள் சுகிர்தமலர்.
விசுவமடு, சனி இரவு,
கண்ணிவெடி அகற்றும் பெட்டையள் ஆறுபேர்,
ஒரு லப்டொப், மிக்சர் பை.

பதினேழு சூடு. சேட்டில் ஒரே ஓட்டை.
சரி.
கார் பாலத்துக்கு மேலால் பறக்கிறது.
பறக்கட்டும்.
மிதிவெடி வயலை நாலு செக்கனில் ஓடிக் கடக்கிறான்,
பின்னால் வரிசையாய் வெடிக்கிறது.
ஒரு மீற்றருக்கு அரைநாள் இருப்பவர்கள் நாங்கள்;
விசிலடித்தோம்.

பிறகு அவன் முழங்கால் குத்தி
மோதிரம் நீட்டி எழும்பினபோதுதான்
மலர் படத்தை நிறுத்தினாள்.
"காற்சட்டையைப் பாருங்கோடி.
ஒரு பொட்டு மண் இல்லை.
இதை எப்பிடியடி நம்புறது?"

சிரித்து முடிய மறுபடி ஓடவிட்டோம்.
திங்கள் அஞ்சரைக்கு வாகனம் வரும்.