கூரையில்லாத வீடுகள்

ரெஜைனாவில் மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில் நானும் சேந்தனும்
மேலிருந்து பார்க்கிறோம்:
ஆட்டத்தில் எந்த வீட்டுக்கும் கூரை கிடையாது,
ஆனாலும் கதவுக்குப் பின்னால்
யாரென்று தெரியாது.
டார்ச் வெளிச்சம் எட்டுமட்டும்தான் உலகம்.
வெறும் காலடிச் சத்தத்துக்கே
ஹெட்போனைக் கழற்றியிருக்கிறேன் ஒருதரம்.

பைதான் மோசம்.
தோட்டா வைத்தால் ரொட்டிக்கு இடமில்லை.
சேமிக்க ஒரே கட்டில்,
அதுவும் ஊரின் மறுகோடியில்.
ஒரு டின் மீனை முழுசாய்த் தின்றவன்
மூன்றே நிமிடத்தில் பசியில் தள்ளாடுகிறான்.

"இதைச் செய்தவன்
ஒருநாளும் பட்டினி கிடந்திருக்க மாட்டான்."

சேந்தன் பேசவில்லை.
அவனுடைய ஆள் தன் கடைசி டின்னை
என் காலடியில் போட்டுவிட்டு
இருட்டுக்குள் போனான்.

தலைக்கு மேலே
வீட்டுக்காரர் நடக்கும் சத்தம்.
இருவருமே டார்ச்சைத் திருப்பினோம்.