பிளக்

மாசி. நடுச்சாமம் கடந்துவிட்டது.
சல்லிக்கு வெளியே இரண்டு கடல்மைல்.
எஞ்சின் இருமி, இருமி, நின்றுபோனது.
"காபன் புடிச்சிருக்கு," என்றான் ஜவாஹிர்.
பிளக்கைக் கழற்றச் சாவி இல்லை.
சாவி சீனக்குடாவில்,
அவன் மச்சானின் மோட்டார் சைக்கிளில்.

செய்ய ஒன்றுமில்லாதவன் வானத்தைப் பார்ப்பான்.
உப்புவெளிப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது திருவாதிரை,
அடுப்பிலிருந்து இறக்க மறந்த சட்டியின் சிவப்பில்.
பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் குடுவை கழுவுகிறவன் நான்;
கழுவும்போது காதில் விழுந்தது கொஞ்சம் உண்டு.
அதன் வயிற்றில் ஐதரசன் எரிந்து தீர்ந்துவிட்டது.
மிஞ்சிய சாம்பல் ஈலியம்.

இப்போது சாம்பல் எரிகிறது.

கன்னியாக் கிணற்றில் கை வைத்து எடுப்போமே, அந்தச் சூடல்ல.
பத்துக் கோடிப் பாகை.
அங்கே இரண்டு ஈலியம் முட்டி ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டியது நிற்காது.
ஒரு நொடியை நூறு கோடி கோடியாய் அரிந்தால்
அதில் ஒரு துண்டு; அவ்வளவுதான் அந்தச் சம்பந்தம்.
அதற்குள் இன்னொன்று வந்து விழவேண்டும்.
வந்தாலும் பெரும்பாலும் மூன்றும் பழையபடி பிரிந்துபோகும்.
இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒருமுறைதான்
கொஞ்சம் ஒளியை உதறிவிட்டு
காபனாய்த் தங்கும்.

"தங்கினதுதான் இதுக்குள்ள வந்து அடைக்குதாக்கும்!"
ஜவாஹிர் எஞ்சினை உதைத்தான்.
இது அதனுடையதல்ல என்றேன்,
அதன் காபன் இன்னும் அதன் வயிற்றுக்குள்.
இது வேறொன்றினது. சூரியன் பிறக்குமுன்பே செத்தது.
பேர் வைக்க அப்போது ஆளில்லை.
"அப்ப மையத்து வீட்டுச் சாமான்."
அவன் சிரிப்பு தண்ணீரில் கொஞ்சத் தூரம் போனது.

கோணேசர் மலை விளக்கு இடம்விட்டு இடம் நகர்ந்தது;
நாங்கள்தான் இழுபடுகிறோம்.
டோர்ச்சை அடித்தோம், அணைத்தோம், அடித்தோம்.
நாலு படகு பாராமல் போனது.
பிறகு வந்தவன் பாலையூற்று அலோசியஸ்,
போன வருஷம் வலை அறுந்ததிலிருந்து
எங்களோடு பேச்சில்லாதவன்.
பேசாமலே சாவியை எறிந்தான்.

சாரத்தில் பிளக்கைத் துடைத்தேன்.
கறுப்பு விரலில் ஏறியது, நகத்திடுக்கில் போய் இருந்தது.
மூன்றாம் இழுப்பில் பற்றியது என்று சொன்னால் அழகாயிருக்கும்.
ஏழாவதில்தான்.
அதுவரை அலோசியஸ்
எங்கள் படகின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை.
எடுத்ததும், சாவியைக்கூடக் கேட்காமல்,
வடக்கே போய்விட்டான்.

காலையில் குடுவை கழுவினேன்.
நகத்தில் அது அப்படியே.
சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன்,
போகவில்லை.